பெத்தது ஆறு, தங்குனது மூணு

விளாத்திகுளத்தைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் வயதான பெண்களிடம் 'எத்தனை பிள்ளைக?' என்று கேட்டால் பதில் பெரும்பாலும் இரண்டு எண்களாக வரும்: 'பெத்தது ஆறு, தங்குனது மூணு.' செத்தது என்ற சொல் இந்த வாக்கியத்தில் கிடையாது. கழித்தல் கணக்கு கேட்பவர் போட்டுக்கொள்ள வேண்டியது. 'தங்குதல்' என்ற வினையோ பிள்ளையை வந்துபோகிற விருந்தாளியாக்கி, போனதற்கு யாரையும் குற்றம் சொல்லாமல் விடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பிறந்தது எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை என்று இதே இரண்டு கேள்விகளைப் பெண்களிடம் கேட்டது. அரசுக்கு அது ஒரு விகிதம். கிழவிக்கோ, பலர் முன்னிலையில் சொல்ல அனுமதிக்கப்பட்ட ஒரே இரங்கற்பா.

பிள்ளைச்சாவு மலிந்த காலத்தில் பெற்றோர் பிள்ளைகள்மேல் அதிகம் ஒட்டுதல் வைக்கவில்லை என்றொரு வாதம் உண்டு. ஐரோப்பியக் குழந்தைமை பற்றி பிலிப் ஆரியே 1960இல் எழுதிய நூல் இதற்குப் பேர்போனது. பழைய நாட்குறிப்புகளைக் காட்டி லிண்டா பொல்லாக் 1983இல் இதை மறுத்தார். வடகிழக்குப் பிரேசிலின் சேரியொன்றை ஆராய்ந்த நான்சி ஷெப்பர்-ஹியூஸின் நூல் (1992) இன்னும் சங்கடமானது. அங்கே தாய்மார் அழுவதில்லை. கண்ணீர் பட்டால் குட்டித் தேவதையின் சிறகு நனைந்துவிடும், பறக்க முடியாது என்கிறார்கள். வேம்பார், வைப்பாறு கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளிலும் ஞானஸ்நானம் பெற்ற பிஞ்சு 'சம்மனசு'தான். ஆனால் அழாமலிருப்பதும் நினையாமலிருப்பதும் ஒன்றா என்பதே நம் கேள்வி.

நம் இலக்கணப் பிரதிகளில் இந்தச் சாவுக்கு ஓரிடம் இருக்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் 'பூசல் மயக்கு' என்ற துறை, பாலகன் மாய்ந்தபோது சுற்றத்தார் அழும் ஆரவாரத்தைச் சொல்கிறது. அழுவது யாரென்று பாருங்கள்: பெருங்கிளை. தாயைத் தனியாக அது காட்டவில்லை. புறநானூற்றுத் தாய் பேசுவது போரில் விழுந்த மகனைப் பற்றி. அங்கே சாவுக்குப் பெருமை இருக்கிறது. 74ஆம் பாட்டில் கணைக்கால் இரும்பொறை நினைவூட்டும் வழக்கப்படி, இறந்து பிறந்த குழவியையும் வாளால் கீறியே அடக்கம் செய்வார்கள். நோயில் போன பிஞ்சையும் வீரன் கணக்கில் சேர்த்தால்தான் அரச மரபுக்கு அது நினைக்கத் தக்கதாகிறது. பிள்ளைத்தமிழோ காப்பு தொடங்கிப் பத்துப் பருவம் பாடி, குழந்தையை வளர்த்துக்கொண்டே போகும் வடிவம். பாதியில் நிற்கும் பிள்ளைக்கு அதில் பருவம் இல்லை.

ஆக, எழுத்து விட்ட இடத்தைச் சடங்கு எடுத்துக்கொண்டது. பெரியம்மைக் காலத்தை எடுத்துக்கொள்வோம். அம்மை கண்ட வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கிறாள்; வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கிடப்பார்கள். பிள்ளை போய்விட்டால் 'ஆத்தா எடுத்துக்கிட்டா'. எடுத்தவளே தெய்வம் என்றால் யாரிடம் முறையிடுவது? அழுதால் மிச்சமிருக்கிற பிள்ளைமேல் அவள் கோபம் திரும்பலாம் என்ற பயம். பின்பு அதே தாய் வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற இருக்கன்குடிக்குப் போய், தங்கிய பிள்ளைக்காகக் கண்மலர் சாத்துவாள். இந்த மௌனம் அலட்சியம் அல்ல. உயிரோடிருப்பவர்களுக்காகச் செலுத்தப்பட்ட வரி.

அடுத்துப் பிறந்த பிள்ளைக்குக் குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். எமனுக்கு ஆசை வராத பெயர் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் இந்தப் பெயர் இன்னொன்றும் செய்கிறது. குப்பைச்சாமியை ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும், அவனுக்கு முன்னால் தங்காமல் போன ஒருவரைப் பெயர் சொல்லாமல் நினைக்கிறார்கள். போன பிள்ளைக்குக் கல் இல்லை, சமாதி இல்லை; உடன்பிறந்தவனின் பெயரே நடுகல். பெண்பிள்ளை என்றால் தென்மாவட்டங்களில் 'கன்னி'யாக்கி, ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை வைத்துக் கும்பிடுவதும் உண்டு.

சிக்மண்ட் பிராய்ட் 1917இல் வெளியிட்ட கட்டுரையில், இறந்தவரிடமிருந்து பற்றை விலக்கிப் புதிய பொருளில் வைப்பதோடு துக்கம் முடிகிறது என்றார். 1920இல் மகள் சோஃபி இன்ஃபுளுயன்சாவில் போனாள். 1923இல் அவளுடைய மகன் ஹைனலே, நான்கரை வயதில், காசநோயில் போனான். 1929இல் நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடம் நிரம்புவதில்லை, நிரம்பினாலும் வேறொன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதே சரி என்ற பொருளில் அவரே சொல்லவேண்டியிருந்தது. கோட்பாட்டைச் சொந்த வீட்டுச் சாவு திருத்தியது.

பெரியம்மை 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1971இல் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் 28, தமிழ்நாட்டில் 13. கொண்டாட வேண்டிய மாற்றம்தான். ஆனால் இன்று மூளைக்காய்ச்சலிலோ ரத்தப் புற்றுநோயிலோ பிள்ளையைப் பறிகொடுக்கும் தாய் முன்னைவிடத் தனியாள். அவளுடைய துக்கத்துக்குத் துணைநிற்க, அதே கதையுள்ள ஒரு தெருவே முன்பு இருந்தது. இப்போது அந்தத் தெரு இல்லை. குப்பைச்சாமி என்று பெயர் வைப்பாரும் இல்லை. மிஞ்சியிருப்பது பழைய ஆறுதல் மட்டும்: 'சின்ன வயசுதான, இன்னொண்ணு பெத்துக்கிடலாம்.'

ஆறு பெற்றவளுக்கே அந்த ஆறுதல் எடுபடவில்லை என்பதற்கு அவள் சொல்லும் கணக்கே சாட்சி. மூன்று தங்கியபிறகும் ஆறை அவள் மூன்றாகச் சுருக்கவில்லை. துக்கம் கேட்கப் போகிறவர்கள் அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசாமல், போன பிள்ளைக்கு 'என்ன பேரு வச்சிருந்தீக?' என்று கேட்டாலே, அந்தக் கழித்தல் கணக்கில் கொஞ்சத்தை நாமும் சேர்ந்து போட்டதாகும்.