செய்மதி வானொலி எவ்வாறு இயங்குகின்றது?



க.பொ.த. சாதாரண தரத்தில் மின்காந்த அலைகளை விஞ்ஞான பாடத்திலும், வானொலியைத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்திலும் படிக்கின்றீர்கள். இந்த இரண்டும் சந்திக்கும் இடமே செய்மதி வானொலி. “செய்மதி மூலம் ஒலிபரப்பப்படும் வானொலி செய்மதி வானொலி எனப்படும்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும் பிள்ளைகள் பலர். அது எப்படி நடக்கின்றது என்று விளங்கிக்கொண்டால், மனப்பாடம் செய்யாமலே ஒரு பக்கம் எழுதலாம்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட சுனாமி எங்கள் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. செய்மதியூடாக ஒரு செய்தி வந்துசேரக் கால் செக்கன் போதும். அப்படியிருந்தும் கல்லடியிலும் நாவலடியிலும் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. அது ஏன் என்பதற்கான விடையும் இப்பாடத்துக்குள் இருக்கின்றது.

1. சாதாரண வானொலியின் எல்லை

வானொலி அலைகள் மின்காந்த அலைகள். அவை வெற்றிடத்தில் செக்கனுக்கு 3 × 10⁸ மீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 300,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். அவை எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பது மீடிறனைப் பொறுத்தது.

மத்திய அலை நிலத்தை ஒட்டிச் செல்லும். இரவில் வளிமண்டலத்தின் மேலேயுள்ள அயன்மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். இதனாலேயே பகலில் கேட்காத தூர வானொலிகள் இரவில் கேட்கின்றன. சிற்றலையும் அயன்மண்டலத்தில் பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் செல்லும். ஆனால் ஒலி கூடியும் குறைந்தும் இரைச்சலோடு வரும்.

எப்.எம். ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையான மீடிறன்களில் நடைபெறுகின்றது. ஒலி தெளிவானது. ஆனால் இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. அயன்மண்டலத்தில் பட்டுத் திரும்புவதில்லை. பூமி உருண்டை என்பதால் கோபுரத்தின் பார்வைக்கு அடிவானத்தில் எல்லை வந்துவிடுகின்றது. 100 மீற்றர் உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 36 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். வானொலி அலை இதைவிடச் சற்று அதிகமாகவே செல்லும் என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் வாவியின் நீளமே ஏறத்தாழ 56 கிலோமீற்றர். வாவியின் ஒரு முனையில் நிற்கும் கோபுரத்தால் மறு முனையைச் சரியாகப் பார்க்க முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே கூடிய தூரம் வேண்டுமானால் கோபுரத்தை உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்தலாம்?

2. வானத்தில் ஒரு கோபுரம்

இந்த வினாவுக்கு 1945 ஆம் ஆண்டில் விடை எழுதியவர் ஆதர் சி. கிளார்க். ‘வயர்லெஸ் வேர்ள்ட்’ என்னும் சஞ்சிகையின் அவ்வருட ஒக்டோபர் இதழில், பூமிக்கு மேலே உரிய உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று அவர் விளக்கினார். அப்போது வானத்தில் ஒரு செய்மதிகூட இருக்கவில்லை. பின்னர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அவர் 2008 இல் கொழும்பில் காலமானார்.

அந்த உயரம் மத்தியகோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர். ஏன் அந்த உயரம்? பின்வரும் மூன்றையும் ஒப்பிட்டால் விளங்கும்.

• ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சர்வதேச விண்வெளி நிலையம் பூமியை ஒரு தடவை சுற்ற ஏறத்தாழ 90 நிமிடம் எடுக்கும்.
• ஏறத்தாழ 384,000 கிலோமீற்றர் தூரத்திலுள்ள சந்திரன் ஏறத்தாழ 27 நாட்கள் எடுக்கும்.
• இவை இரண்டுக்கும் நடுவே, ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு நாள் எடுக்கும் உயரம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதுவே 35,786 கிலோமீற்றர்.

பூமியும் ஒரு நாளில் ஒரு தடவை சுழல்கின்றது. செய்மதியும் அதே திசையில் ஒரு நாளில் ஒரு தடவை சுற்றுகின்றது. ஆகவே நிலத்திலிருந்து பார்க்கும் எங்களுக்கு அது ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது போன்றிருக்கும். இத்தகைய செய்மதி புவிநிலைச் செய்மதி எனப்படும்.

கவனிக்க: புவிநிலைச் செய்மதி “அசையாமல் நிற்கின்றது” என்று எழுதினால் விடை பிழை. “பூமியின் சுழற்சிக்குச் சமமாகச் சுற்றுவதால் அசையாதது போலத் தோன்றுகின்றது” என்று எழுத வேண்டும்.

3. ஒலி செல்லும் வழி

படிமுறை 1: கலையகத்தில் அறிவிப்பாளரின் குரலை ஒலிவாங்கி மின் சைகையாக மாற்றுகின்றது. அச்சைகை 0, 1 என்னும் இலக்கங்களாக மாற்றப்பட்டுச் சுருக்கப்படுகின்றது.

படிமுறை 2: இந்த இலக்கங்கள் உயர் மீடிறனுடைய காவி அலை ஒன்றின் மீது ஏற்றப்படுகின்றன. இது பண்பேற்றம் எனப்படும். பஸ்ஸில் பயணி ஏறுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணி சைகை, பஸ் காவி அலை.

படிமுறை 3: தரை நிலையத்திலுள்ள பெரிய கிண்ண அன்ரனா இந்த அலையைச் செய்மதியை நோக்கி அனுப்புகின்றது. இது மேலிணைப்பு.

படிமுறை 4: நீண்ட தூரம் சென்றதால் அலை மிகவும் வலுவிழந்திருக்கும். செய்மதி அதனைப் பெற்று, வலுவைக் கூட்டி, வேறொரு மீடிறனுக்கு மாற்றுகின்றது. இதற்கு வேண்டிய மின்னைச் சூரியக்கலங்கள் வழங்குகின்றன. மீடிறனை மாற்றாவிட்டால், செய்மதி தான் அனுப்பும் உரத்த அலையையே தானே கேட்டுக்கொண்டிருக்கும். பூமியிலிருந்து வரும் மெல்லிய அலை அதற்குள் அமுங்கிப்போகும்.

படிமுறை 5: செய்மதி அந்த அலையைப் பரந்த நிலப்பரப்பை நோக்கி அனுப்புகின்றது. இது கீழிணைப்பு.

படிமுறை 6: வீட்டிலுள்ள வானொலிப் பெட்டியின் சிறிய அன்ரனா அலையைப் பெறுகின்றது. பெட்டி காவி அலையிலிருந்து இலக்கங்களைப் பிரித்தெடுத்து மீண்டும் ஒலியாக மாற்றுகின்றது.

4. ஓர் உண்மையான உதாரணம்: ஆசியாஸ்டார்

ஆசியாவுக்கான செய்மதி வானொலியை வேர்ள்ட்ஸ்பேஸ் என்னும் நிறுவனம் நடத்தியது. எதியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990 இல் இதனை ஆரம்பித்தார். ஆபிரிக்காவுக்கான ஆபிரிஸ்டார் செய்மதி 1998 ஒக்டோபரில் ஏவப்பட்டது. ஆசியாவுக்கான ஆசியாஸ்டார் 2000 மார்ச் 21 அன்று ஏரியன் 5 றொக்கட்டில் ஏவப்பட்டுக் கிழக்கு நெட்டாங்கு 105 பாகையில் நிலைநிறுத்தப்பட்டது.

மேலிணைப்பு ஏறத்தாழ 7 கிகாஹேட்ஸ் மீடிறனிலும், கீழிணைப்பு 1467 முதல் 1492 மெகாஹேட்ஸ் வரையான மீடிறன்களிலும் நடைபெற்றன. இந்தியாவிலிருந்த சந்தாதாரர்களுக்கு ‘கே.எல். ரேடியோ’ என்னும் தமிழ் அலைவரிசையும் கிடைத்தது.

இந்த மீடிறனில் ஒரு வசதி இருந்தது. மாரி காலத்தில் கடும் மழை பெய்யும்போது டிஷ் அன்ரனாவில் தொலைக்காட்சிப் படம் உடைந்து உடைந்து வருவதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சேவைகள் பெரும்பாலும் 10 கிகாஹேட்ஸுக்கு மேற்பட்ட மீடிறனைப் பயன்படுத்துவதால் மழைத்துளிகள் அலையை உறிஞ்சிவிடுகின்றன. 1.5 கிகாஹேட்ஸ் அளவிலுள்ள அலையை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பெரிய டிஷ்ஷும் வேண்டியதில்லை. கையடக்கமான தட்டை அன்ரனா போதும்.

மட்டக்களப்பு ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 7.7 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 81.7 பாகையிலும் இருக்கின்றது. கணித்துப் பார்த்தால் ஆசியாஸ்டார் எங்களுக்குக் கிழக்கே, சற்றுத் தெற்குச் சாய்வாக, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 61 பாகை உயரத்தில் நின்றது. அதாவது எழுவான்கரைப் பக்கம், கடலுக்கு மேலே, தலையை நன்றாக நிமிர்த்திப் பார்க்க வேண்டிய உயரம். இலண்டனிலிருந்து பார்த்தால் எந்தப் புவிநிலைச் செய்மதியும் 31 பாகைக்கு மேலே தெரியாது. மத்தியகோட்டுக்கு அண்மையில் வாழ்வது எங்களுக்கு ஓர் அனுகூலம்.

5. கணித்தல்

(அ) கீழிணைப்பு மீடிறனை 1.5 × 10⁹ ஹேட்ஸ் எனக் கொண்டால் அலைநீளம் யாது?

வேகம் = மீடிறன் × அலைநீளம்
அலைநீளம் = (3 × 10⁸) ÷ (1.5 × 10⁹) = 0.2 மீற்றர் = 20 சென்ரிமீற்றர்

(ஆ) தரையிலிருந்து செய்மதிக்குச் சென்று திரும்பத் தரைக்கு வர அலைக்கு எடுக்கும் நேரம் யாது? (உயரம் 36,000 கிலோமீற்றர் எனக் கொள்க.)

மொத்தத் தூரம் = 72,000 கிலோமீற்றர்
நேரம் = 72,000 ÷ 300,000 = 0.24 செக்கன்

6. கால் செக்கனில் வரும் செய்தி எங்கே தடைப்பட்டது?

2004 இல் பூமி அதிர்ந்ததை ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அறிந்திருந்தது. ஆனால் இந்து சமுத்திர நாடுகளுக்கு அறிவிக்கும் ஒழுங்கு எதுவும் அப்போது இருக்கவில்லை. கொழும்புக்குச் செய்தி வந்திருந்தாலும், அங்கிருந்து கரையோரக் கிராமத்துக்கு உடனே கொண்டுசெல்லும் வழியும் இருக்கவில்லை. 36,000 கிலோமீற்றர் உயரம் ஒரு தடையல்ல; கடைசி ஒரு கிலோமீற்றரே தடை.

இதனைத் தீர்க்கும் வழி தேடி சர்வோதயமும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும், கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் உதவியுடன், 2006, 2007 காலப்பகுதியில் சுனாமியால் பாதிக்கப்பட்ட 32 கரையோரக் கிராமங்களில் ஒரு பரீட்சார்த்தம் நடத்தின. கிழக்குக் கரைக் கிராமங்களும் இவற்றில் அடங்கின. அங்கு பரிசோதிக்கப்பட்ட கருவிகளுள் வேர்ள்ட்ஸ்பேஸ் செய்மதி வானொலியும் ஒன்று. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி இலக்கம் இருந்ததால், குறிப்பிட்ட கிராமத்துப் பெட்டிகளுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பலாம்.

இதில் தெரியவந்த குறையும் முக்கியமானது. செய்மதி வானொலி ஒருவழித் தொடர்பாடல். செய்தி அனுப்பியவருக்கு, கிராமத்தில் யாராவது கேட்டார்களா என்று தெரியாது. ஆகவே செய்மதி வானொலியோடு தொலைபேசியும் சேர்ந்திருப்பது நல்லது. தொடர்பாடல் பாடத்தில் ‘பின்னூட்டல்’ என்று படிப்பது இதைத்தான்.

7. அனுகூலங்களும் பிரதிகூலங்களும்

அனுகூலங்கள்:
• ஒரே செய்மதி பூமியின் மூன்றிலொரு பங்கு அளவான பரப்பைப் பார்க்கும்.
• தூரம் கூடினாலும் ஒலித் தெளிவு குறையாது.
• 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற சூறாவளி உள்ளூர்க் கோபுரங்களைச் சரித்தாலும், வானத்திலுள்ள செய்மதியைத் தொடாது.

பிரதிகூலங்கள்:
• அன்ரனாவுக்குச் செய்மதி நேராகத் தெரிய வேண்டும். சுவர், கூரை, அடர்ந்த மரம் தடையாகும்.
• விசேட வானொலிப் பெட்டி தேவை.
• செய்மதியைத் தயாரித்து ஏவ மிகப் பெரிய செலவாகும். பழுதுபட்டால் போய்த் திருத்துவது கடினம்.
• ஒருவழித் தொடர்பாடல்.

செலவு என்ற குறையே வேர்ள்ட்ஸ்பேஸை வீழ்த்தியது. சந்தா கட்டிக் கேட்டவர்கள் போதாமையால் நிறுவனம் 2008 ஒக்டோபரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இந்தியாவுக்கான சேவை 2009 டிசம்பர் 31 உடன் நின்றது. நின்றது பணத்தாலேயன்றிப் பௌதிகவியல் பிழைத்ததால் அல்ல. அமெரிக்காவில் இதே போன்ற சேவை, பெரும்பாலும் மோட்டார் வாகனங்களில், இன்றும் கேட்கப்படுகின்றது.

8. மாதிரி வினா விடை

வினா 1: எப்.எம். ஒலிபரப்பு குறுகிய தூரத்துக்குள் அடங்குவது ஏன்?
விடை: அந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதாலும், அயன்மண்டலத்தில் பட்டுத் திரும்பாததாலும், பூமியின் வளைவு தடுப்பதாலும்.

வினா 2: புவிநிலைச் செய்மதியை நோக்கிய அன்ரனாவைத் திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஏன்?
விடை: செய்மதி பூமியின் சுழற்சிக்குச் சமமான காலத்தில், அதே திசையில், மத்தியகோட்டுக்கு மேலே சுற்றுவதால் ஒரே இடத்தில் இருப்பது போலத் தோன்றும்.

வினா 3: மேலிணைப்புக்கும் கீழிணைப்புக்கும் வெவ்வேறு மீடிறன் பயன்படுவது ஏன்?
விடை: செய்மதி அனுப்பும் வலுவான அலை, அது பெறும் வலுக்குறைந்த அலையைக் குழப்பாமலிருக்க.

வினா 4: அனர்த்த எச்சரிக்கைக்குச் செய்மதி வானொலி மட்டும் போதுமா?
விடை: போதாது. அது விரைவானது, ஆனால் ஒருவழித் தொடர்பாடல். செய்தி கிடைத்ததை உறுதிப்படுத்தத் தொலைபேசி போன்ற இருவழிக் கருவியும், செய்தியைக் கேட்டு ஊருக்குச் சொல்லப் பயிற்றப்பட்ட ஒருவரும் தேவை.

நீங்களே முயன்று பாருங்கள்: படுவான்கரையிலுள்ள ஒரு வீட்டின் கிழக்குப் பக்கத்தில் உயரமான புளியமரம் நிற்கின்றது. கூரை தகரத்தாலானது. ஆசியாஸ்டார் நின்ற இடத்திலுள்ள ஒரு செய்மதியின் ஒலிபரப்பைக் கேட்க, அந்த வீட்டில் அன்ரனாவை எங்கே வைப்பீர்கள்? படம் வரைந்து காரணம் எழுதுக.