விற்ற கட்டடத்திலேயே தொழிலைத் தொடரலாமா?

மைசூருவின் ஹெப்பாள், ஹூட்டகள்ளி போன்ற தொழிற்பகுதிகளில் சொந்தக் கட்டடத்தில் இயங்கும் நிறுவனங்களுக்கும் நடைமுறை மூலதனம் போதாமல் போவதுண்டு. பணம் கட்டடத்தில் முடங்கியிருக்கும். அதனை விடுவிக்கும் வழிகளுள் ஒன்று விற்பனை-மீள்குத்தகை. கட்டடத்தை முதலீட்டாளருக்கு விற்று, உடனே நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, அதே இடத்தில் தொழிலைத் தொடர்வதே இம்முறை. 2005இல் 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆணை அளித்த இண்டிகோ, தன் விமானங்களுக்கு இம்முறையைப் பெரிதும் கையாண்டது.

ரூ.5 கோடிக்கு விற்ற கட்டடத்தின் ஆண்டு வாடகை 8 விழுக்காடு எனக் கொள்வோம். ஆண்டுக்கு ரூ.40 இலட்சம், வாடகை உயராவிடினும் 15 ஆண்டுகளில் ரூ.6 கோடி. கட்டடமோ பிறருடையது. கடனாயின், தவணைகள் தீர்ந்தபின் சொத்து நிறுவனத்திடமே இருக்கும். ஆகவே, பெறும் தொகை வாடகையைவிடக் கூடுதலாக ஈட்டுமா என்பதே முதற்கேள்வி.

அடுத்தது உரிமை. கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் குத்தகையுடன் கூடிய விற்பனை முறையில் ஒதுக்கிய மனையாயின், கிரயப் பத்திரம் பெறும்வரை நிறுவனம் உரிமையாளர் ஆகாது. அடமானச் சொத்தாயின் வங்கியின் இசைவும் தேவை.

மூலதன ஆதாய வரியையும், வாடகை மீதான 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியையும் கணக்கிடுதல் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தல் கட்டாயம். வாடகை உயர்வு, புதுப்பிக்கும் உரிமை, கட்டடம் மீண்டும் கைமாறினும் குத்தகை தொடரும் என்னும் உறுதி ஆகியன பத்திரத்தில் இடம்பெறல் வேண்டும்.

தொடர் நட்டத்தை அடைக்க விற்பவருக்கு வாடகையே புதிய சுமையாகும். விரிவாக்கத்திற்கு விற்பவருக்கே இம்முறை பொருந்தும். கையொப்பமிடுமுன் எங்கள் கிளையை அணுகுங்கள். கடன், மீள்குத்தகை இரண்டின் கணக்கையும் ஒப்பிட்டுக் காட்டுவோம்.