ராக்கெட் பாயும் பொம்மைக்கு 5 லட்சம் டாலர்!

நாலு அங்குலம்கூட உயரமில்லாத ஒரு பிளாஸ்டிக் பொம்மை. முதுகிலே ஒரு சின்ன ராக்கெட். 2024-ல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தபோது 5,25,000 டாலருக்குப் போனது! 'பைத்தியமா இவங்களுக்கு?' என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பொம்மை ஏன் இத்தனை அபூர்வம் என்று விசாரித்துக்கொண்டே போனால், விஷயம் கடைசியில் ஒரு குழந்தையின் தொண்டையில் போய் நிற்கிறது. சித்த வைத்தியனுக்குப் பொம்மைக் கடையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' படம் வெளியானது. விண்கலம், இயந்திர மனிதன், கறுப்பு முகமூடி வில்லன்... அமெரிக்கப் பிள்ளைகள் சொக்கிப் போனார்கள். அந்தப் பாத்திரங்களைப் பொம்மையாகச் செய்யும் உரிமை சின்சினாட்டி நகரத்து கென்னர் கம்பெனியிடம் இருந்தது. ஆனால், படம் இப்படி ஓடும் என்று யார் கண்டது? கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, பொம்மை தயாராகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வெறும் அட்டை உறையை விற்றார்கள்! உள்ளே ஒரு சீட்டு. அதைத் தபாலில் அனுப்பினால், 1978-ல் நாலு பொம்மைகள் வீடு தேடி வரும். அதையும் வாங்கினார்கள் ஜனங்கள்!

1964-ல் வந்த 'ஜி.ஐ. ஜோ' என்ற ராணுவ வீரன் பொம்மை 12 அங்குலம். (பொம்மை என்று சொன்னால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று 'ஆக்ஷன் ஃபிகர்' என்று பெயர் வைத்ததும் அப்போதுதான். பையன்களின் கௌரவம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்!) கென்னர் தன் பொம்மைகளை மூணே முக்கால் அங்குலத்தில் செய்தது. கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை... இந்த ஐந்து இடங்களில் மட்டும் அசையும். கையில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத துப்பாக்கி. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகலாம். வாயிலும் போட்டுக்கொள்ளலாம், அதுதான் சங்கடம்.

ஒரு சிறுவனின் மரணம்

1978-ல் மேட்டல் கம்பெனி, 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற விண்வெளிக் கதையை வைத்து விண்கலப் பொம்மைகளை விற்றது. பட்டனை அமுக்கினால் குட்டி ஏவுகணை பாயும். அந்த வருஷக் கடைசியில், 4 வயதுச் சிறுவன் ஒருவன் அதை வாயில் வைத்து விளையாடியபோது ஏவுகணை உள்ளே பாய்ந்து சிக்கிக்கொண்டது. பிள்ளை பிழைக்கவில்லை. 1979 ஜனவரியில் கம்பெனி பொம்மைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஏவுகணையை அனுப்பிவைக்கும் பிள்ளைக்கு பதிலாக ஒரு குட்டிக் கார்!

அதே நேரத்தில் கென்னர், 'போபா ஃபெட்' என்ற பாத்திரத்தின் பொம்மையை விளம்பரம் செய்துகொண்டிருந்தது. நாலு பொம்மை வாங்கியதற்கான அட்டைத் துண்டை அனுப்பினால் இது இலவசம். முதுகு ராக்கெட் நிஜமாகவே பாயும் என்று ஆசை காட்டியிருந்தார்கள். அந்தச் சிறுவனின் கதி தெரிந்த பிறகு யார் துணிவார்கள்? ராக்கெட்டை அசையாதபடி ஒட்டி, பாதுகாப்புக்காக மாற்றிவிட்டோம் என்று ஒரு கடிதமும் வைத்து அனுப்பினார்கள். ராக்கெட் பாயும் பொம்மை ஒரு கடைக்கும் போகவில்லை. கம்பெனிக்குள் சோதனைக்காகச் செய்தவை மட்டும் எப்படியோ வெளியே வந்தன. அதில் ஒன்றுதான் 5 லட்சம் டாலர் பொம்மை.

1980 ஜனவரி முதல் அமெரிக்காவில் ஒரு விதி அமலுக்கு வந்தது. ஒண்ணேகால் அங்குல வாயுள்ள ஒரு சிறு குழல். நம் 10 ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டை விரிந்தால் எப்படியிருக்குமோ, அந்தக் கணக்கு. பொம்மையோ அதன் உதிரியோ அந்தக் குழலுக்குள் முழுசாக அடங்கினால், அந்த வயதுக் குழந்தைகளுக்கு விற்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் கவனியுங்கள், இறந்துபோன பிள்ளைக்கு வயது 4! பெட்டியில் போட்டிருக்கும் வயதை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் பிள்ளை எதையும் வாயில் வைக்கிற பிள்ளையா, இல்லையா? அது உங்களுக்குத்தான் தெரியும்.

சேகரிப்பவர் கண்ணும் வைத்தியர் கண்ணும்

அன்று இதை வைத்து விளையாடிய பிள்ளைகள்தான் இன்று ஐம்பது வயதைத் தாண்டி இவற்றைச் சேகரிக்கிறார்கள். அவர்கள் ஒரு பொம்மையை மதிப்பிடுவதே தனிக் கலை! ஹான் சோலோ பொம்மையில் சின்னத் தலை, பெரிய தலை என இரண்டு வகை உண்டு. ஜாவா என்ற குள்ளன் பொம்மைக்கு முதலில் பிளாஸ்டிக் அங்கி, பிறகு துணி அங்கி. பிளாஸ்டிக் அங்கிக்காரனுக்குத்தான் கிராக்கி. வெள்ளைக் கவச வீரன் பழுத்து மஞ்சளாகியிருக்கிறானா? கை கால் தொளதொளவென்று ஆடுகிறதா? எல்லாவற்றுக்கும் மேலே, துப்பாக்கி இருக்கிறதா, ஒளிவாளின் மெல்லிய நுனி முறியாமல் இருக்கிறதா? அது தொலைந்தால் விலை இறங்கிவிடும். எந்த உதிரியைக் காப்பாற்ற இவர்கள் பாடுபடுகிறார்களோ, வைத்தியன் பயப்படுவதும் அதே உதிரிக்குத்தான். பிரித்து விளையாடாத பொம்மை என்ன பொம்மை என்பது என் கட்சி. ஆனால், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பிரிக்காத பெட்டிதான் தேவலை.

சில பழைய பொம்மைகளைத் தொட்டால் பிசுபிசுக்கும். அழுக்கு என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசிகிறது. அதற்குப் பெரும்பாலும் பயன்பட்டவை 'தாலேட்' வகை ரசாயனங்கள். இவை ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடியவை என்பதால், குழந்தைப் பொம்மைகளில் சில தாலேட்களை 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அமெரிக்கா 2008-ல் சட்டம் போட்டுத் தடுத்தது.

அடுத்து சாயம். 2018-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்தார்கள். காரீயம், காட்மியம் போன்ற நச்சுப் பொருள்கள் அகப்பட்டன. முக்கியமாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில்! காரீயத்தின் நஞ்சு எங்கள் வைத்தியத்துக்குப் புதிதல்ல. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, படிப்பில் மந்தம், காரணமில்லாத எரிச்சல் என்று ஏதோ சாதாரணக் கோளாறு மாதிரிதான் தலைகாட்டும். ரத்தத்தில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதித்து விடுங்கள். 'நஞ்சு முறிக்க ஒரு சூரணம் கொடுங்க சார்' என்று வராதீர்கள். நான் கொடுக்கமாட்டேன்.

அக்கா பிள்ளை அமெரிக்காவிலிருந்து தான் விளையாடிய பழைய பொம்மைகளைப் பாசமாகக் கொண்டுவந்து கொடுத்தால், உயரமான கண்ணாடி அலமாரியில் பூட்டி வையுங்கள். தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை விளையாட இங்கேயே புதிதாக வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லையென்றால் வேண்டாம்.

சிக்கிவிட்டால்?

குழந்தை சத்தமாக இருமினால் இருமட்டும். இருமவும் அழவும் முடியாமல் திணறினால், முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையா? ஒரு வயது தாண்டிய பிள்ளையானால் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து முறை அமுக்குங்கள். கைக்குழந்தைக்கு வயிற்றை அமுக்கக் கூடாது, நெஞ்சின் நடுவில்தான். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒருவர் 108-க்கு போன் போடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

புதிய பொம்மைகள் சிலவற்றில் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பட்டன் பேட்டரி இருக்கிறது. இதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற பிள்ளையானால், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேன் அந்தப் புண்ணை ஓரளவு மட்டுப்படுத்துகிறது என்று 2018-ல் அமெரிக்க டாக்டர்களே கண்டறிந்தார்கள். நம்ம தேனுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்! ஆனால் வீட்டில் தேன் இல்லையென்றால், அதை வாங்கக் கடையில் வண்டியை நிறுத்தாதீர்கள்.