'பாசிட்டிவா இரு'ன்னு சொன்னா டென்ஷன் போயிடுமா? மனசை உண்மையிலேயே ஆற்றும் சின்னச் சின்ன பழக்கங்கள்!

சம்பளம் வந்த மூன்றாவது நாளே பேங்க் பேலன்ஸ் நாலு இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. 5ஆம் தேதி இஎம்ஐ, 10ஆம் தேதி வாடகை, நடுவில் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். ஆபீஸில் அடுத்து யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதும் தெரியாது. இந்த நேரத்தில் ஒருவர் வந்து, "கவலைப்படாதீங்க, பாசிட்டிவா இருங்க"ன்னு சொன்னால் எப்படி இருக்கும்? கோபம்தான் வரும்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜோஆன் வுட் தலைமையிலான குழு 2009ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை, "நான் அன்புக்குரிய ஆள்" என்ற பொருள் வரும் வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் அதைச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. மனசு நம்பாத ஒன்றைக் கட்டாயப்படுத்திச் சொன்னால், "பொய் சொல்றே"ன்னு உள்ளேயிருந்தே எதிர்ப்பு வரும் போல!

அப்படியென்றால் என்னதான் செய்வது? எண்ணத்தை நேரடியாக மாற்றப் போராடுவதைவிட, உடம்பு வழியாகவும் தினசரி வேலைகள் வழியாகவும் மனசை ஆற்றுவது எளிது. அது எப்படி என்று பார்க்கலாம்.

டென்ஷன் ஆகும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தெருநாய் துரத்தினாலும் சரி, "உங்கள் தவணை நிலுவையில் உள்ளது" என்று எஸ்எம்எஸ் வந்தாலும் சரி, நம் மூளை அடிக்கும் அபாய மணி கிட்டத்தட்ட ஒன்றுதான். அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், மூச்சு மேலோட்டமாகும், வயிறு கலங்கும். பிறகு கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வந்து உடம்பைத் தயார்நிலையிலேயே வைத்திருக்கும். நாய் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். இஎம்ஐ மாசாமாசம் வரும். பிரச்சினையே அங்கேதான்.

இந்த மணியை நிறுத்த நம் கையில் இருக்கும் ஒரு பிடி மூச்சு. இதயத்தைப் பார்த்து "மெதுவா துடி"ன்னு உத்தரவு போட முடியாது. ஆனால் மூச்சு தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் லேசாக வேகமெடுக்கும், வெளியே விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக வேகம் குறையும். அதனால்தான் இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் படபடப்பு அடங்குகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மூன்று விதமான மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் ஒப்பிட்டார்கள். தினமும் 5 நிமிஷம், ஒரு மாதம். எல்லாவற்றிலும் பதற்றம் குறைந்தது. ஆனால் நல்ல மனநிலை அதிகம் கூடியது, பெருமூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்குத்தான்.

செய்முறை ரொம்ப சிம்பிள். மூக்கு வழியாக மூச்சை இழுங்கள். விட்டுவிடாமல், அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு. பிறகு வாய் வழியாக மெதுவாக, முழுவதும் வெளியே விடுங்கள். தேம்பி அழுத குழந்தை தூங்குவதற்கு முன்னால் ரெண்டு தடவை இழுத்துப் பெருமூச்சு விடுமே, அதேதான். யாரும் சொல்லித் தராமலே நாமெல்லாம் செய்ததுதான். பஸ் சீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம், மேனேஜர் ரூமுக்குள் போகும் முன் வராண்டாவில் நின்றபடியும் செய்யலாம். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

நைட் 11 மணிக்கு மட்டும் ஏன் எல்லாக் கவலையும் வரிசை கட்டி வருது?

பகலில் வேலை, பேச்சு, டிராஃபிக் என்று கவனம் சிதறிக்கொண்டே இருக்கும். லைட்டை அணைத்ததும், முடிக்காத வேலைகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். மறந்துவிடக் கூடாது என்பதற்காக மூளை அவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்து நீட்டுகிறது.

இதற்கு ஒரு பேப்பரும் பேனாவும் போதும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இது. படுக்கும் முன் 5 நிமிஷம், பாதிப் பேர் அடுத்த நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மீதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாகச் சுமார் 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். அதிலும், எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

'விவரமாக' என்பதுதான் இங்கே முக்கியம். "கடன் பிரச்சினை" என்று எழுதினால் தூக்கம் வராது, இருக்கிற தூக்கமும் போய்விடும். "காலை 10.30க்கு பேங்குக்குப் போய், தவணைத் தேதியைத் தள்ளி வைக்க முடியுமான்னு கேட்கணும்" என்று எழுத வேண்டும். மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். செல்போனில் எழுதலாமே என்று எடுத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நோட்ஸைத் திறக்கும் முன்பே ரீல்ஸ் திறந்திருக்கும்!

கவலைக்கென்று தனியாக நேரம் ஒதுக்கும் முறையும் இருக்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கின் குழு 1983இலேயே இதைச் சோதித்தது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி நேரம். அதற்கு நடுவில் கவலை வந்தால், "சாயங்காலம் 6 மணிக்குப் பார்த்துக்கலாம்"னு தள்ளிவைக்க வேண்டும். கவலையே படாதே என்று சொன்னால் கேட்காத மனசு, 'அப்புறம்' என்று சொன்னால் ஓரளவு கேட்கிறது.

ஆனால் அந்த 6 மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபியும் வேண்டும் என்பவர்கள் கவனிக்க. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே பலருக்கும் சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 11 மணிக்கும் பாதி உடம்பில்தான் இருக்கும்.

செய்தி சேனலே இதைச் சொல்லலாமா?

சொல்லித்தான் ஆக வேண்டும். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிந்தைய வாரங்களில் 4,675 பேரிடம் எடுத்த ஆய்வில், அந்த வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ குண்டுவெடிப்புச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட மன அழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன.

செய்தியே பார்க்காதீர்கள் என்று அர்த்தமில்லை. வேலை போகுமோ என்ற பயத்தில் இருப்பவர், 'ஐடி நிறுவனங்களில் ஆட்குறைப்பு' வீடியோவை இரவில் பத்தாவது தடவை பார்ப்பதால் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது உண்மையா?

இல்லை. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய கணக்கு அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் கவனித்தார். வாய்மொழியாகப் பரவியதில் 'குறைந்தது' என்பது காணாமல் போய்விட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. ஒரு பழக்கம் படிய ஆன காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை, நடுவாக 66 நாள். நல்ல சேதியும் உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லை. "நேத்து விட்டுட்டேன், இனிமே அவ்வளவுதான்"னு கைவிட வேண்டியதில்லை.

புதுப் பழக்கத்தை ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டால் சீக்கிரம் படியும். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு மூணு விசில் வரும் வரை பெருமூச்சுப் பயிற்சி, வாசலில் கோலம் போட்டு முடித்ததும் தெருமுனை வரை ஒரு நடை, பல் தேய்த்ததும் நோட்டில் ரெண்டு வரி. நடைக்கு 10,000 ஸ்டெப் கணக்கெல்லாம் தேவையில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பிரபலமான எண் அது.

இங்கே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் அமைதியாக டீ குடிக்க, அந்த டீயைப் போட்டுத் தரும் அம்மாவுக்கோ மனைவிக்கோ அந்த 5 நிமிஷத்தை யார் தருவது? காலை 5 மணியிலிருந்து இரவு 10.30 வரை நிற்கும் ஒருவரிடம் "நீயும் மூச்சுப் பயிற்சி பண்ணேன்"னு சொல்வது இன்னொரு வேலையைத் தலையில் கட்டுவதுதான். பாத்திரம் கழுவும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டால், அந்த வீட்டில் அதைவிட நல்ல மன அமைதிப் பழக்கம் இருக்க முடியாது.

நன்றி சொல்லி எழுதும் பழக்கம் பற்றியும் பலர் கேட்டிருப்பீர்கள். எம்மன்ஸ், மெக்கல்லா என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில்தான் இது பிரபலமானது. அதன் முதல் சோதனையில் எழுதச் சொன்னது வாரத்துக்கு ஒரு தடவை மட்டுமே. பெரிய விஷயமாகத் தேட வேண்டாம். காய்கறிக்கார அம்மா கேட்காமலே கொசுறாகக் கறிவேப்பிலை போட்டது, மழைக்கு முன் துணியை எடுத்துவிட்டது என்று எழுதினால் போதும். எதுவும் தோன்றாத வாரம் எழுதாமல் விட்டுவிடலாம்.

இதெல்லாம் பண்ணா இஎம்ஐ கட்டிடுவாங்களா?

கட்ட மாட்டார்கள். ஆனால் படபடப்பு அடங்கிய தலைதான் போன் எடுத்து வங்கியிடம் பேசும், வீட்டில் மறைத்த கடனைச் சொல்லும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது என்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியிருக்கிறது. மீறினால் முதலில் அந்த வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். இரவு 9 மணிக்கு வரும் மிரட்டல் போனுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் மருந்தல்ல.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமில்லாமை, காரணமில்லாத அழுகை, எரிச்சல் இவையெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் நீடித்தால் இந்தச் சின்னப் பழக்கங்களை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை. "எங்க வீட்டுக்காரர் நாலு நாளா யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறார், நான் என்ன செய்யட்டும்?"னு நீங்களே போன் செய்து கேட்கலாம்.