ஹேண்ட் பிரேக் வீக்கா? கேபிளை முறுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

பாடி மேம்பாலத்து ஏற்றத்துல டிராஃபிக்ல நிக்கிறீங்க. ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுத்தும் கார் மெல்ல பின்னால நகருது. பின்னாடி ஒரு பைக், டேங்க் மேல குழந்தை. பகீர்னு இருக்கும்ல?

உடனே ‘கேபிளை டைட் பண்ணுங்க’ன்னுதான் சொல்வோம். ஆனால், பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள கார் என்றால், கோளாறு காலிப்பரிலேயே இருக்கலாம். பல கார்களில் கேபிள் இழுப்பது காலிப்பரின் முதுகில் இருக்கும் சின்ன லிவரைத்தான். அது திரும்பும்போது உள்ளே இருக்கும் திருகு பிஸ்டனைத் தள்ளி, பேடை டிஸ்க்கோடு அழுத்தும். மழைக்கு அம்பத்தூர், ஆவடி பக்கம் தேங்கும் தண்ணீரில் ஓட்டி ஓட்டி, லிவர் பக்கத்து ரப்பர் சீல் கிழிந்தால் உள்ளே துருதான். லிவர் பாதியிலேயே நின்றுவிடும். இந்த நிலையில் கேபிளை முறுக்கினால், பிரேக் விடாமல் உரசி சக்கரம் சூடாகும்.

ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் ரெண்டு பக்க லிவரும் முழுசா திரும்புதான்னு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. பிஸ்டன் வழவழப்பா இருந்தா சீல் கிட் மாத்திப் பார்க்கலாம். துரு அரிச்சு குழி விழுந்திருந்தா புது காலிப்பர்தான். காலிப்பரைக் கழற்றி மாட்டினால், பிரேக் லைனில் ஏர் எடுக்க மறக்கக் கூடாது.

சின்ன கார்கள் பலவற்றில் பின்னால டிரம்தான். அங்கே காலிப்பரே கிடையாது, ஷூ தேய்மானத்தைப் பாருங்க. (1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருப்பதும் இதே பாடியில்தான்!)

வேலை முடிஞ்சதும் ஆளில்லாத ஏற்றத்துல நிறுத்தி, கால் பிரேக்கை மெதுவா விட்டுப் பார்த்துட்டு பில்லைக் கட்டுங்க.