மின்கம்பி வேண்டாத் துளைக்கருவி

முன்னர் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பதியில், முனோத் நிறுவனத்தின் லிதியம்-அயனி மின்கலத் தொழிற்சாலை 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கிற்று. கட்டிட வேலையில் மின்கம்பியின்றி இயங்கும் துளைக்கருவிக்கும் இவ்வகைக் கலங்களே உயிர்நிலையாகும். சாரத்தின் மீது நிற்கும் தொழிலாளியின் காலில் சிக்கக் கம்பி இல்லாமை இதன் பெரும் நன்மை.

கருவி வாங்குவோர் வோல்ட்டை மட்டும் நோக்குதல் போதாது. 3.6 வோல்ட் கலங்கள் ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். முழு மின்னேற்றத்தைக் கணக்கிட்டு அதையே 20 வோல்ட் என்றும் விற்பர். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் சேமிப்புச் சக்தி புலனாகும்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி எனில் 90 வாட்-மணி.

மரத்திற்குச் சுழல் துளைக்கருவி போதும். கான்கிரீட்டுக்குச் சுழல்வதோடு மோதவும் வல்ல ஹாமர் டிரில் வேண்டும். கோடை வெயிலில் மின்கலத் தொகுதியைக் கிடத்தலாகாது. உஷ்ணம் அதன் ஆயுளைக் குறைக்கும். வேலை முடிந்து சூடு தணிந்த பின்னரே மின்னேற்றுதல் நன்று.