கோடை இடியும் கழிமுகத்து மக்களும்

திருக்குர்ஆனின் 13ஆம் அத்தியாயத்திற்கு ‘அர்ரஃது’ என்று பெயர். இடி என்பது பொருள். மின்னல் அச்சத்தையும் தரும், மழைக்கான ஆசையையும் தரும். தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயலில் ஒவ்வொரு கோடையிலும் இவ்விரண்டையும் காணலாம்.

சித்திரை, வைகாசியில் நிலம் காய, மன்னார் வளைகுடாவிலிருந்து கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்நாடு செல்கிறது. மலைத்தொடரில் முட்டி அது மேலெழும்போது, பிற்பகலில் பொதிகைப் பக்கம் இடிமேகங்கள் திரள்கின்றன. பெரும்பாலும் மழை அங்கேயே முடிந்துவிடும். கழிமுகத்தாருக்கு மின்னல் வெளிச்சம்தான் மிச்சம். சில மாலைகளில் மேகம் கரைவரை வந்துவிடுவதுண்டு. அம்மழை உழவருக்கு வரம். ஆறுமுகநேரி உப்பளங்களிலோ பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும்!

இன்னொன்றை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகுகளுக்கு இல்லை. ஆகவே இடி மிகுந்த இந்நாட்களில் கடலில் இருப்பவர்கள், தலைக்கு மேல் கூரையற்ற சிறு வள்ளக்காரர்களே.

“ஓரிரு இடங்களில் இடியுடன் மழை” என்று வானிலை மையம் மாவட்டம் முழுமைக்கும் அறிவிக்கிறது. எந்த ஊர் என்று முதல்நாளே கூற இயலாது. எனவே அறிவிப்பு வந்த நாளில் மேற்கே கருக்கும் முன்பே கரை திரும்புவது நலம். மின்னலைக் கண்ட 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வீட்டுக்குள் சென்றுவிட வேண்டும். பனை, தென்னை நிழல் அடைக்கலமாகாது. கடைசி இடிக்குப் பின்னும் 30 நிமிடம் பொறுத்திருங்கள்.

வெயிலுக்கு வருவோம். இயல்பைவிட 4.5 டிகிரி செல்சியஸ் கூடும்போது, சமவெளியில் 40 டிகிரியை எட்டினால்தான் வெப்ப அலை என்கிறார்கள். கடலோரத்திலோ 37 டிகிரியே போதும். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, உடல் குளிராது. கத்தரி கழிந்தால் தப்பித்தோம் என்று எண்ணுவதும் சரியன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, இங்கே வறண்ட மேல்காற்றாக இறங்குகிறது. அது வலுத்த நாட்களில் கடற்காற்று தாமதமாகும். ஜூன், ஜூலையிலும் வெயில் வாட்டும்.

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தாமதித்து, வெம்மை தணிந்தபின் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். தொழுகைக்கே அவ்வாறெனில், உப்பளத்தாரையும் கட்டட வேலையாட்களையும் உச்சிவெயிலில் நிறுத்தி வைப்பானேன்? வீட்டுச் சமையலையும் பதினொரு மணிக்குள் முடித்துக்கொண்டால், அடுப்படியில் வேகும் நம் தாய்மார்களுக்கும் நண்பகலில் சற்று இளைப்பாறல் கிட்டும்.